அதிகாரம் பெற்ற பிரதிநிதி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலி குறைந்ததா? நீ கேட்ட தாளில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கடன் பற்றி வங்கியிடம் பேச நீதான் 'அதிகாரம் பெற்ற பிரதிநிதி' என்கிறது தாள். நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட, பாதிச் சம்பளத்துக்கு வேறு வேலைக்கு வந்ததிலிருந்து எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. வட்டியைக் குறைத்து, ஆண்டுகளை நீட்டித் தரும் இந்தத் திட்டம் கிடைக்காவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும். உன்னை விட்டால் எனக்கு யார்?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வங்கிக் கடிதங்கள் உன் முகவரிக்கு ஏன் வர வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்: "கூடப் பொறந்தவனா இருந்தாலும் தாளைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

போன முறை வந்தபோது உன் தையல் மெஷின் பெட்டியில் பார்த்தேன். பதின்மூன்று வங்கி உறைகள், ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை. பிரிக்காவிட்டால் கடன் கரைந்துவிடும் என்று நினைத்தாயோ? அதனால்தான் என் முகவரி. சம்பளச் சீட்டுகளை உடனே அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்: நான் உன் வளையலை எடுத்து அடகு வைத்தது பத்தொன்பது வயதில். இப்போது எனக்குத் தலையில் முடியே இல்லை.

உன் கடைக்குட்டி

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நேற்று ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். யாரென்று கேட்டால், "உங்க தம்பிதான் நம்பர் கொடுத்தார். வீட்டுக்கு விலை போடணும்" என்கிறார். சுவர் விரிசலைக்கூட விடவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்கிறேன்: விற்காத வீட்டுக்கு விலை எதற்கு? வளையல் காணாமல் போன வாரமும் நீ இப்படித்தான் அன்பாக இருந்தாய்.

அக்கா

ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் வங்கி அனுப்பிய ஆள். வீட்டின் மதிப்பு தெரியாமல் கடனை மாற்றி எழுத மாட்டார்கள். இப்போது மூன்று மாதச் சோதனைத் தவணை நடக்கிறது. தவறாமல் கட்டினால்தான் புது ஒப்பந்தம். யார் கட்டுவது என்று மட்டும் இப்போது கேட்காதே.

கடைக்குட்டி

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் 'கேட்காதே' என்பது மட்டும்தான் என் கண்ணில் நின்றது. உன் அதிகாரத்தை ரத்து செய்யச் சொல்லி அன்றே வங்கிக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

இன்று நேரில் போனேன். கணினியைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெண் சொன்னாள்: "ரெண்டு தவணையும் உங்க தம்பி கணக்குலேர்ந்துதான் வந்திருக்கு மேடம். உங்க சம்பளம் பத்தாதுன்னு தன் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டியிருக்கார். நீங்க அவர் பேரை எடுக்கச் சொல்லிட்டதால மூணாவது தவணை திரும்பிப் போச்சு. முப்பதாம் தேதிக்குள்ள ரெண்டு பேரும் புதுசா கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. இல்லேன்னா ஏலம்."

புதுத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. உன்னுடையது வேண்டும். என்னைப் போல் நீயும் இந்த உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதே.

உன் அக்கா

செப்டம்பர் 27

மதிப்பிற்குரிய கடன்தாரருக்கு,

தாளில் கையெழுத்திட்டு, நேற்று உங்கள் ஊர்க் கிளைக்கே வந்து நேரில் கொடுத்தேன். மூன்றாம் தவணையை வாங்கிக்கொண்டார்கள். மதியப் பேருந்திலேயே திரும்பிவிட்டேன். ஒப்பந்தம் தங்கள் முகவரிக்கு வரும். பிரித்துப் படிக்கவும்.

இப்படிக்கு,
அதிகாரம் பெற்ற பிரதிநிதி