அக்கா கேட்ட கேள்வி

அக்காவுக்கு,

நேற்று ஃபோனில், நான் ஒருவரை விரும்புகிறேன் என்றதும், "ஆளு பையனா, பொண்ணா? அதைச் சொல்லுடி" என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பார். எனக்கு எப்போதும் மனம் போவது அப்படிப்பட்டவர்களிடம்தான். அதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

"அக்காகிட்ட என்னை யாருன்னு சொல்லுவீங்க?" என்று இன்று கேட்டார்.

"கூட வேலை பாக்கறவங்கன்னு."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தேன். தெருவே பார்த்தது. விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். கதவைத் திறந்ததும் அவரிடம் "வாங்க" என்று சொல்லிவிடு. என்னைத் திட்டுவதை அப்புறம் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம்.

உன் தங்கை