பெயர் நீக்கிய பிரதி

மார்ச் 4

அடி கட்டை,

முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் மாடிப்படியைத் திட்டியே ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டாய். நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. போகட்டும், பேராசிரியர் ஆகிவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் போய்விடும் போல.

எனக்கு வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காது இன்றைக்கா நாளைக்கா என்று நிற்கிறது. போனில் நீ பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை, அதனால் இனிமேலும் கடிதம்தான். ஒன்பது வருஷம் வானொலியில் கத்தியவளுக்கு இப்படி. "நீ பேசுறதை நீயே கேட்க வேண்டாம்னு கடவுள் பாத்துப் பண்ணியிருக்காரு" என்கிறார் வீட்டுக்காரர்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கட்டுரை எழுதுகிறேன். சிரிக்காதே. பெண்ணிய ஊடக ஆய்விதழ் ஒன்று இருக்கிறதே, நீ கூட எழுதியிருக்கிறாய், அதற்குத்தான். நம் மகளிர் நேரத்துக்கு வந்த கடிதங்களைப் பற்றி. நான் அப்போதே பதினொரு நோட்டில் எடுத்து எழுதி வைத்திருந்தேன் அல்லவா, அவை அப்படியே இருக்கின்றன. யார் எழுதினார்கள், எதை வாசிக்க விட்டார்கள், எதை வாசிக்கக் கூடாது என்றார்கள், எல்லாம். கடைசியில் அந்த ஒரு கடிதம். புருஷன் அடித்ததை எழுதியிருந்தாளே, அந்தப் பெண். அதை ஒலிபரப்பில் வாசித்ததற்கு எனக்குக் கிடைத்த விசாரணையும்.

என்னை வேலையை விட்டு அனுப்பியபோது தாளில் 'ஒழுங்கீனம்' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன், அந்தச் சொல்லும் கூடவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் கையால் வேறு ஏதாவது எழுதிவிட்டுத்தான் சாக வேண்டும் என்று இருக்கிறது.

எப்படி அனுப்புவது என்று சொல்லிக்கொடு.

உன்
கீச்சு

மார்ச் 15

என் கீச்சுக்கு,

சிரிக்கவில்லை. இதழின் விதிகளை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எட்டாயிரம் சொல்லுக்கு மேல் போகாதே. நீ போவாய், தெரியும். முகப்பில் இருநூறு சொல்லில் சுருக்கம் வேண்டும். அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாம் அவர்கள் சொன்ன மாதிரியே இருக்க வேண்டும், ஒரு புள்ளி தப்பினாலும் திருப்பி அனுப்புவார்கள். முக்கியமாக, பெயர் நீக்கிய பிரதி ஒன்று தனியாகக் கேட்பார்கள். எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாது, மதிப்பிடுகிறவர் யார் என்று உனக்கும் தெரியாது. உன் பெயர், ஊர், நிலையத்தின் பெயர், நன்றியுரை, எல்லாவற்றையும் எடுத்துவிடு.

என்னிடம் காட்டாதே. வானொலி பற்றி எழுதுகிறவர்களை இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பார்த்தேன் என்று தெரிந்தால் உனக்குத்தான் சிக்கல்.

இன்னொன்று. விசாரணைக் கதை வேண்டுமா கீச்சு? அந்தப் பதினொரு நோட்டே போதும், அது யாரிடமும் இல்லாத புதையல். ஆறிப்போனதை ஏன் கிளற வேண்டும்? யோசி.

வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். அவர் சொன்னது சரிதான் என்றும் சொல்.

உன்
கட்டைக்குரல்

ஏப்ரல் 11

அடி கட்டை,

அனுப்பிவிட்டேன்!

பதினோராயிரம் சொல் வந்தது. மூவாயிரத்தை வெட்டுவதற்குள் எனக்கும் அவருக்கும் இரண்டு முறை பேச்சு நின்றுபோயிற்று. தட்டச்சு அவர்தான், இரண்டே விரலால். எல்லாம் முடித்து, பெயரையெல்லாம் நீக்கி, கடைசியில் பார்த்தால் கோப்பின் உள்விவரத்தில் 'ஆசிரியர்' என்று அவர் பெயர் நிற்கிறது. அவருடைய கணினி அல்லவா! பெண்ணிய இதழுக்குப் போகிற கட்டுரைக்கு ஆசிரியர் என் புருஷன். அதை எடுக்கத் தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்கத் தடுமாறினோம். "இருந்துட்டுப் போகட்டுமே, நானும் உழைச்சிருக்கேன்ல" என்கிறார் மனிதர்.

நீ சொன்னதை யோசித்தேன். விசாரணையை எடுக்க மனசு வரவில்லை, அதுதான் கட்டுரையின் உயிர். உன் பெயர் எங்கேயும் இல்லை, 'இரண்டாவது அறிவிப்பாளர்' என்றுதான் வருகிறாய். அந்தக் கடிதத்தை வாசிப்பது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்ததை எழுதவில்லை, நான் ஒருத்தியே எடுத்த முடிவு என்று எழுதியிருக்கிறேன். உனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, எதற்கு வம்பு.

ஆனால் ஒரு பத்தி மட்டும் கேட்காமல் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விசாரணை அறையிலிருந்து அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாயே, "உனக்காக எல்லாத்தையும் சொல்லிட்டேன் கீச்சு"ன்னு. வேலை போகும் என்று தெரிந்தும் எனக்காகப் பேச ஒருத்தி இருந்தாள் என்று எழுதினேன். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் சாட்சி நின்றாள் என்பதைப் பெண்ணிய இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

உன்
கீச்சு

மே 22

கீச்சு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தேர்வுத்தாள், கூட்டம், முழங்கால். மேசையில் ஒரு வேலை மூன்று வாரமாகக் கிடக்கிறது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை, முடிக்கவும் முடியவில்லை.

இடது காதுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? பார்.

கட்டை

ஜூலை 3

கட்டை,

முடிவு வந்துவிட்டது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பெரிய அளவில் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் மதிப்பீட்டாளர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். இரண்டாம் மதிப்பீட்டாளர் மூன்று பக்கம். நோட்டுகளைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்கிறார். விசாரணைப் பகுதிக்கு வந்ததும் மட்டும் அப்படி ஒரு கடுப்பு. 'இப்பகுதி முழுவதும் ஆசிரியரின் நினைவை மட்டுமே நம்பியிருக்கிறது. நினைவு தன்னைத் தானே நல்லவளாகக் காட்டிக்கொள்ளும். ஆவணம் இல்லையேல் முழுதாக நீக்கவும்.' இதை எழுதியவர் நெஞ்சு கல்லா, கருங்கல்லா? வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பெண்ணாகத்தான் இருப்பார் என்கிறார் வீட்டுக்காரர், அவரோடு சண்டை வேறு.

ஒரு நாள் பூராவும் அழுதேன். மறுநாள் எழுந்து, சரி, ஆவணம்தானே வேண்டும், கொடுத்தால் போயிற்று என்று தோன்றியது. நிலையத்தின் பழைய கோப்புகள் இப்போது ஆவண அறையில் இருக்கின்றனவாம், சம்பந்தப்பட்டவர் மனுப் போட்டால் பார்க்கலாமாம். போட்டுவிட்டேன். நீ எனக்காகச் சொன்னதெல்லாம் அதில் இருக்கும் அல்லவா? அதை அப்படியே எடுத்துப் போட்டால் அந்தப் புண்ணியவதி என்ன சொல்கிறாள் பார்ப்போம்.

உன்
கீச்சு

ஜூலை 9

என் அன்புக் கீச்சு,

அழாதே. மதிப்பீடு என்றால் அப்படித்தான் இருக்கும். நானும் எத்தனையோ முறை இரண்டாம் மதிப்பீட்டாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கல் நெஞ்சு என்று சொல்லாதே, அவர்களுக்கும் ஏதோ காரணம் இருக்கும்.

நான் சொல்வதைக் கேள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அனுப்பு. உறுதியாக ஏற்பார்கள். ஆவண அறைக்குப் போகாதே. காது கேட்காமல் தனியாக அந்தக் கட்டடத்தில் அலைய வேண்டுமா? இருபத்தெட்டு வருஷத்துக் கோப்பைக் கரையான் கூட விட்டுவைத்திருக்காது. நீ பார்க்காமல் இருந்தாலே நல்லது என்று என் மனசு சொல்கிறது. எனக்காக இதைச் செய். நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை.

உன்
கட்டைக்குரல்

ஆகஸ்ட் 2

கட்டை,

போனேன். மூன்று செவ்வாய்க்கிழமை அலையவிட்டார்கள். அங்கே இருந்த பெண் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளில் 'உட்காருங்கம்மா, எடுத்துட்டு வர்றேன்' என்று எழுதிக் காட்டினாள். கரையான் தின்னவில்லை. நன்றாகத் தைத்து, பக்க எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பதினான்காம் பக்கம். உன் வாக்குமூலம். கீழே உன் கையெழுத்து.

'நிகழ்ச்சி தொடங்கும் வரை அக்கடிதம் குறித்து எனக்கு எதுவும் தெரியாது. அவர் யாரையும் கேளாமல் தன் விருப்பப்படி நடந்துகொள்ளும் பழக்கம் உடையவர்.'

சமையல் குறிப்பை வெட்டினால் நாலரை நிமிஷம் கிடைக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது யாரடி? முதல் நாள் சாயங்காலம் அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டி, இந்த இடத்தில் மூச்சு விடு என்று சொன்னது யார்?

முதல் வாக்கியம் எனக்குப் புரிகிறது. பயம். இரண்டாவது வாக்கியத்தை யாருமே கேட்கவில்லையே. அதை ஏன் சொன்னாய்?

ஆவண அறைப் பெண் தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் கூடச் சொல்லவில்லை. என்ன சொல்வது?

பதில் எழுது.

கீச்சு

ஆகஸ்ட் 8

கீச்சு,

எழுதுகிறேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது என் பிள்ளைக்கு மூன்று வயது. அவன் அப்பா வீட்டை விட்டுப் போய் நாலு மாதம். உனக்குத் தெரியும், வாரத்துக்கு மூன்று நாள் அவன் உன் வீட்டில்தான் சாப்பிட்டான். விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். "உங்களுக்கும் இதுல பங்கு உண்டாம்மா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார்கள். அவர்களை நம்பவைக்கத்தான் அந்த இரண்டாவது வாக்கியம். வெளியே வந்து உன்னைப் பார்த்ததும் அழுகை வந்தது. அது நிஜமான அழுகை. பேச்சுதான் பொய்.

ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் நீ இன்னும் கொஞ்சம் என்னை நம்பினாய்.

இன்னும் இருக்கிறது. இரண்டாம் மதிப்பீட்டாளர் நான்தான்.

இதழிலிருந்து எனக்கு அனுப்பினார்கள். முதல் பத்தியிலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தவர் எழுதியது, நான் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி எழுதித் திருப்பியிருக்க வேண்டும். மூன்று வாரம் வைத்திருந்தேன். உன் கடிதத்தில் சொன்ன அந்தப் பத்தி பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நான் உனக்காகச் சாட்சி நின்றேன் என்று அது அச்சில் வந்தால், என் மாணவிகள் படித்தால், அதற்குப் பிறகு கண்ணாடியில் என் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஆவணம் கேட்டால் உன்னிடம் இருக்காது, பகுதியை எடுத்துவிடுவாய், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். நீ போய் எடுப்பாய் என்று தெரிந்திருக்க வேண்டும். உன்னைத் தெரிந்தவளுக்கு அது தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இதழாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் மதிப்பீட்டை நீக்கி வேறொருவருக்கு அனுப்புவார்கள். உன் கட்டுரைக்கு ஒரு கெடுதலும் வராது.

திட்டு. காது கூச எழுது. ஒரு வரியாவது எழுது.

கட்டை

செப்டம்பர் 20

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. அடுத்த இதழில் வருகிறது.

உங்கள் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் எழுதிப் பார்த்தேன். பழைய மாதிரி கூப்பிட்டுத் தொடங்கினால் அடுத்த வரி வரவில்லை. இப்படித் தொடங்கினால் வருகிறது, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அன்றைக்கு உங்களுக்கு மூன்று வயதுக் குழந்தை இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பழியை என் மேல் போடு என்று நானே சொல்லியிருப்பேன். எனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருந்தது. அதை மன்னிக்க எனக்கு ஒரு நாள் கூட ஆகவில்லை. ஆனால் இந்த மே மாதத்தில் உங்களுக்கு என்ன பயம்? பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். வேலையை யாரும் பறிக்கப்போவதில்லை. இருந்தும், 'ஒழுங்கீனம்' என்ற அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என் கையால் எழுதிய ஒரே பகுதியை அழிக்கச் சொன்னீர்கள். அழுதபோது அழாதே என்றும் எழுதினீர்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் இதுவரை சும்மா ஒரு பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு எல்லாரையும் விட வேண்டியவராக இருந்தீர்கள். அதைச் சொல்லாமல் முடித்தால் நானும் மறைத்தவளாகிவிடுவேன்.

விசாரணைப் பகுதியைத் திருத்திவிட்டேன். எனக்காக ஒருத்தி பேசினாள் என்ற பத்தி இப்போது இல்லை. முடிவெடுத்தவர்கள் இருவர், தண்டனை ஒருவருக்கு என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே பதினான்காம் பக்கத்தின் இரண்டு வாக்கியங்கள், அப்படியே. உங்கள் பெயர் இல்லை. அந்தக் குழந்தையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், படிக்கிறவர்கள் உங்களைத் தப்பாக எடைபோடக் கூடாது என்பதற்காக.

பெயர் இல்லாவிட்டாலும், உயிரோடு இருப்பவரின் வாக்குமூலம் என்பதால் அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று இதழில் கேட்கிறார்கள். படிவத்தை இணைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். போட மனமில்லை என்றால் அந்த இரண்டு வாக்கியத்தையும் எடுத்துவிடுவார்கள், கட்டுரை எப்படியும் வரும்.

இதழ் அலுவலகத்தின் முகவரி எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. நேராக அங்கேயே அனுப்பிவிடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்