பின்சுவரில் ஒரு கிணறு

1962 பிப்ரவரி 5, திங்கள்

காலையிலேயே வெயில். இலங்கையில், கண்டாவளைப் பக்கம் இந்தக் குடியேற்றத்துக்கு வந்து ஒரு வாரம். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த பவுடர் டப்பாவைத் திறக்கவே இல்லை. இங்கே புழுதியே போதும்.

செய்ய வேண்டியவை: காவி சலிக்க. கரி பொடிக்க. கடையில் துணிக்குப் போடும் நீலம். அம்மாவுக்குக் கடிதம் (கப்பல், ரயில் எழுதியாயிற்று, வந்த அன்றே வாசலில் பார்த்த பாம்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது).

சனசமூக நிலையத்தின் பின்சுவரில் படம் வரையக் கற்றுத் தருவது என் வேலை. சம்பளம் கிடையாது, நானாகக் கேட்டு வந்தது. கற்பவர்கள் ஊர்க்கோடிப் பெண்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள், வயலில் கூலி வேலை. நிலையத்துக்குள் நுழையக் கூடாதாம், அதனால் வெளிச்சுவர். தலைவர் கந்தையா இதைப் பெரிய தாராளம் போலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவராவது கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "தினம் காலையில் வாசலில் போடுவீர்களே, அந்தக் கோலத்தையே போடுங்கள்" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அது பொங்கலுக்குத்தானே ரீச்சர்" என்றாள் பூரணம்.

மயிலாப்பூர்த் தெருவை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பேசிவிட்டேன். அசடு.

பிப்ரவரி 7, புதன்

காவி கரைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறு நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஆனால் இவர்கள் கிணற்றுக் கட்டின்மேல் ஏறக் கூடாது. குடத்தோடு கீழே நிற்க வேண்டும். மற்றவர் யாராவது வந்து அள்ளி, மனமிருந்தால் ஊற்றுவார்கள். வெகுநேரம் நின்றோம். கடைக்காரர் மனைவி வந்தார். வாளி குடத்தில் படாதபடி உயரத் தூக்கி ஊற்றினார். பாதி தரையில்.

பொறுக்கவில்லை. நானே கயிற்றைப் பிடிக்கப் போனேன். செல்லம்மா தடுத்தாள். அதிகம் பேசாதவள்.

"நீங்கள் விடுங்கோ ரீச்சர். நீங்கள் போயிடுவியள். நாங்கள் இஞ்சதான் இருக்கவேணும்."

திரும்பும்போது அவளே சொன்னாள்: "பிள்ளை தண்ணி எண்டு அழேக்கையும் இப்பிடித்தான் நிக்கிறனான். ஒருக்கா என்ர கையால அள்ளிக் குடுக்க வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. என் மேலும்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

செல்லம்மா படம் வரைந்தாள். இங்கே 'கீறுறது' என்கிறார்கள். கிணறு. கப்பி. கட்டின்மேல் ஒரு பெண், கையில் கயிறு. கை உலக்கை நீளம், வாளி பெண்ணைவிடப் பெரிது. தண்ணீருக்கு இருந்த நீலம் முழுவதையும் தீர்த்துவிட்டாள். கலைக் கல்லூரியில் ஒருவரும் இப்படி வரைந்து பார்த்ததில்லை நான்.

"ஆரடி இது?" பூரணம்.

"நான்தான்."

"உனக்கென்ன விசரோ?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பூரணமே கரித்துண்டை எடுத்து, பக்கத்தில் இன்னொரு குடம் வரைந்தாள். "என்ர குடமும் நிக்கட்டும்."

மதியம் தலைவர். "ரீச்சர், பூவைக் கீறச் சொல்லுங்கோ, மயிலைக் கீறச் சொல்லுங்கோ. இது சரிவராது."

"ஏன்?"

"இப்பிடி ஒண்டு இஞ்ச நடக்கிறேல்லை."

திங்கட்கிழமை காரியாதிகாரி, இந்தப் பகுதியின் அரசாங்க அதிகாரி, பார்வையிட வருகிறாராம். அதற்குள் சுவருக்கு வெள்ளை அடித்தாக வேண்டும். கீறியவர்களே அடிக்க வேண்டும். வாதாடினேன், பலனில்லை. செருப்பு வார் வேறு அறுந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சுண்ணாம்பு வந்தது. கரைக்கத் தண்ணீர் வேண்டும். அரிவு வெட்டு, அதாவது அறுவடைக் காலம், ஊர் முழுக்க வயலில். கடையும் பூட்டு. ஊற்ற ஆளில்லை. நான் போக எழுந்தேன், செல்லம்மா தலையசைத்துத் தடுத்தாள். மீதி தலைவர் மட்டும்தான்.

செல்லம்மா வழக்கமான இடத்தில் குடத்தை வைத்தாள். "நயினார், தண்ணி." தலைவரை அவர்கள் அப்படித்தான் அழைக்க வேண்டும்.

வேறு வழி? வேட்டியை மடித்துக் கட்டினார். அள்ளினார், ஊற்றினார். வெயிலில் காய்ந்த பெரிய சுவர், உறிஞ்சித் தள்ளியது. ஒரு பக்கம்கூட முடியவில்லை.

"நயினார், இன்னும் வேணும்."

குறும்பா இல்லையா, அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி அள்ளினார். மறுபடி கேட்டாள். கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஏலாது. நீங்களே அள்ளுங்கோ."

"அள்ளட்டோ?" என்றாள் செல்லம்மா.

"சொன்னன்தானே." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏறினாள். கயிற்றை இழுத்தாள். வாளி மேலே வரும்போது பாதிதான் இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, முதலில் தான் குடித்தாள். பிறகு பூரணம் ஏறினாள், பிறகு மற்றவர்கள்.

இனி யார் வெள்ளை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தார்கள். வரைந்த கிணற்றின் மேலேயே. எனக்கு அழுகை வந்துவிட்டது. "செல்லம்மா, அதை மட்டும் விடு, நான் பேசிப் பார்க்கிறேன்" என்றேன்.

"படம் போனாப் போகட்டும் ரீச்சர். நான் அள்ளிட்டன்."

பிப்ரவரி 12, திங்கள்

மேகமூட்டம். காரியாதிகாரி வந்தார். சுவர் வெகு சுத்தம் என்றார். தலைவர்மேல் தைல வாசனை.

நேற்றோடு சரி, இன்று பழையபடிதான் என்றே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீப் போன பிறகு செல்லம்மா வந்தாள், இடுப்பில் குடம், கையில் பிள்ளை. கட்டின்மேல் கடைக்காரர் மனைவி, ஊற்றத் தயாராக. செல்லம்மா கீழே நிற்கவில்லை. ஏறினாள். கடைக்காரர் மனைவி தலைவரைப் பார்த்தார்.

"அள்ளட்டும்" என்றார் தலைவர், இடுப்பைத் தடவிக்கொண்டு. "ஆர் ஒவ்வொரு நாளும் ஊத்துறது?"

அந்த அம்மா வாளியைக் கட்டின்மேல் வைத்துவிட்டு விலகிப் போனார். செல்லம்மா அள்ளி ஊற்ற, பிள்ளை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தது, சட்டையெல்லாம் ஈரம். செல்லம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தாள். ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"நீலம் வாங்கினியளோ ரீச்சர்?"