சுவர் தெரிகிற படங்கள்

எங்கள் அன்பு வாலுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்கு எழுதுகிற நலம் இல்லை, நிலநடுக்கம் வந்து போன ஊரிலிருந்து எழுதுகிற நலம், அதனால் இரண்டு தரம் படித்துக்கொள். போனில் நீ அழுதுகொண்டே பேசியதில் நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லவே முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் உன் மாமா வீட்டு முன்னறையில்தான் இருக்கிறோம். அவன் தன் அக்காவை ராணி மாதிரி வைத்திருக்கிறான், அக்கா புருஷனை அந்த அளவுக்கு இல்லை, பரவாயில்லை. மின்விசிறி கொஞ்சம் ஆடினால்கூட எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிகிறோம். பின்னதிர்வுகள் ஏறக்குறைய நின்றுவிட்டன, பயம்தான் இன்னும் நிற்கவில்லை.

இடிந்து கிடக்கிற தெருக்களில் அம்மா எதற்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று என்னைத்தான் திட்டினாய். நான் சொல்லி அவள் என்றைக்கம்மா கேட்டிருக்கிறாள்? சேதமான வீடுகளை ஒன்று விடாமல் படம் எடுத்துப் பதிவு செய்ய நகராட்சியில் ஆள் தேடினார்கள், ஸ்டுடியோக்காரி என்று இவள் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஸ்டுடியோ ஷட்டர் பாதியில் சிக்கிக் கிடந்தது, அதற்கடியில் தவழ்ந்து போய் கேமராவையும் பழைய படப் பெட்டிகளையும் வெளியே தள்ளியது அவள், வெளியில் நின்று ஐயோ ஐயோ என்று கத்தியது நான். இப்போது எனக்கு உத்தியோகம், ஸ்டாண்டு தூக்குவதும் விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நிற்பதும். பஸ்ஸில் உள்ளே போ உள்ளே போ என்று ஊரையே விரட்டிய கண்டக்டர் என்னை, "இன்னும் தள்ளுங்க, உங்க நிழல் விழுது" என்று ஒருத்தி விரட்டுகிறாள்.

முதல் நாள் நடந்ததைக் கேள். தையற்காரர் வீட்டில் கூடத்துச் சுவர் ஒன்று அப்படியே சரிந்து கிடந்தது. அவரும் அவர் மனைவியும் அதன் பக்கத்தில் நின்றார்கள், முகத்தில் ஈயாடவில்லை. உன் அம்மா கேமராவைக் கண்ணில் வைத்தாள், அத்தனை வருஷப் பழக்கதோஷம், வாயிலிருந்து "கொஞ்சம் சிரிங்க" என்று வந்துவிட்டது. எனக்குத் தரை மறுபடி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மாள் இவளையே வெறித்துப் பார்த்தாள், பிறகு "எங்க கல்யாணத்துலயும் இதையேதான் சொன்னீங்க, அன்னைக்கும் இந்த மனுஷன் சிரிக்கல" என்றாளே பார்க்கலாம். தையற்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் உன் அம்மா தோளில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதாள். அதுவரை அவளுக்கு அழுகையே வரவில்லையாம்.

இப்போது நம் வரிசை வீடுகளின் சங்கதிக்கு வருகிறேன். இந்தக் கோடியில் இருக்கிற நம் வீட்டிலிருந்து அந்தக் கோடியில் இருக்கிற கணக்கு டீச்சர் வீடு வரைக்கும் எல்லாவற்றிலும் விரிசல். பார்க்க வந்த இன்ஜினீயர் நல்ல பொறுமைசாலி, எல்லோரையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். "விரிசல் இந்த ஆட்டத்துல வந்ததுன்னா பலப்படுத்தித் தந்துடலாம். முன்னாடியே இருந்ததுன்னா அஸ்திவாரம் இறங்குதுன்னு அர்த்தம், இடிச்சுத்தான் ஆகணும். எல்லாரும் புதுசுன்னுதான் சொல்றீங்க, நான் நம்புறேன், ஆனா மேலிடத்துல ஆதாரம் கேட்பாங்களே" என்றார். கணக்கு டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வரிசையே தரைமட்டமாகப் போகிறது என்று எல்லோரும் அவரவர் சுவரைப் போய்த் தடவிப் பார்த்தார்கள், நானும்தான்.

உன் அம்மா எடுக்கிற படத்தில் ஆள் சின்னதாகவும் சுவர் பெரியதாகவும் வரும் என்று உனக்குத் தெரியும். முகம் தெரியவில்லை என்று எத்தனை பேர் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள், சுவருக்கா கல்யாணம் என்று நானே எத்தனை தரம் கிண்டல் செய்திருக்கிறேன். "யாரு வீட்டுல நிக்கிறாங்கன்னு தெரிய வேண்டாமா" என்பாள், அதோடு சரி, மாற்றிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்ததும் படப் பெட்டிகளைத் தரையில் கவிழ்த்தாள். நம் வரிசையில் இவள் படம் எடுக்காத வீடு ஏது? பிறந்தநாள், நிச்சயதார்த்தம், கணக்கு டீச்சர் ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்றது, எல்லாப் படத்திலும் ஆளுக்குப் பின்னால் சுவர் பளிச்சென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். பழைய படத்தில் நின்ற அதே இடத்தில் நின்று புதுப் படம் எடுத்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினாள். முகம் சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டவர்கள் எல்லாம் இப்போது சுவரை மட்டும் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

கடைசியில் நம் வீட்டுப் படம் வந்தது. உன் பிறந்தநாள், நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். கூடத்து மூலையில் உன்னை நிறுத்தி அசையாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள், நீதான் வாலாயிற்றே, கேமராவை அமுக்குகிற நேரத்தில் ஒரு பக்கமாகத் துள்ளியிருக்கிறாய். உன் ரிப்பன் பறக்கிறது, நீ விட்டுப்போன இடத்தில் தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் விரிசல். வெறும் பூச்சு வெடிப்பு என்று அப்போது சுண்ணாம்பு அடித்து மறந்துவிட்டோம். இதை மட்டும் எடுத்து வைத்துவிடேன், யார் கேட்கப் போகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நம்மளோடத மறைச்சா மத்த படத்தை எல்லாம் எந்த மூஞ்சியோட நீட்டுறதுங்க" என்றாள், நானே அதை எடுத்து மற்ற படங்களோடு சேர்த்து வைத்தேன்.

இன்ஜினீயர் எல்லாப் படங்களையும் பார்த்து முகம் மலர்ந்தார், நம் படத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. மூலையைத் தோண்டிப் பார்த்தார்கள். அஸ்திவாரம் அந்தப் பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது. மற்ற வீடுகள் தப்பித்தன, கோடி வீடு என்பதால் நம்முடையதை மட்டும் தனியாக இடிக்கலாமாம். இன்னொரு ஆட்டம் வந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் கதை முடிந்திருக்கும் என்றார் அவர். நீ துள்ளாமல் நின்றிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது, அதனால் இனிமேல் உன்னை வாலு என்று கூப்பிடும்போது மரியாதையோடு கூப்பிடுவேன்.

வீடு போகிறதே என்று நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் மகளே, அழுகையைவிடப் பெருமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வரிசை மொத்தமும் நம் வாசலில் வந்து நின்றது. கணக்கு டீச்சர், சுவரைப் பலப்படுத்தியதும் குடிவரச் சொல்லித் தன் மாடி அறைச் சாவியை அம்மா கையில் வைத்து, "வாடகை அது இதுன்னு பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார். வகுப்பில் உன்னை மிரட்டிய அதே குரல். அங்கே வந்துவிடுங்கள் என்கிறாய், வருவோம், இப்போது இல்லை. ஆற்றோரத் தெருக்கள் முழுவதும் பாக்கி இருக்கின்றன, உன் அம்மாவை விட்டால் அந்தச் சுவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று இடிப்பதற்கு முன்னால் வீட்டைக் கடைசியாக ஒரு படம் எடுக்கப் போனோம். வாசலில் நிற்கச் சொன்னாள். அவள் எப்போதும்போலப் பின்னால் பின்னால் போவாள் என்று பார்த்தால், கிட்டே கிட்டே வந்தாள், மூச்சு படுகிற அளவுக்கு. படத்தில் சுவரே தெரியாதே என்றேன். "வேண்டாம், நீங்க மட்டும் போதும்" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குளிரில் தலையை நனைத்துக்கொண்டு திரியாதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவைத் திட்டாமல் பேசு. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், முழுக்க என் முகம்தான். மறக்காமல் பத்திரமாக வை, நம் வீட்டுப் படம் அது.

உன் அன்பு அப்பா