அப்பாவுக்கு ஒரு ரம்பம்

ஜூலை 4, புதன் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே இரண்டு வருடம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. உன் விலாசத்தை அம்மாவின் தையல் டப்பாவில், பொத்தான்களுக்கு அடியிலிருந்து எடுத்தேன். குளியலறையைத் தாளிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஷெட்டில் செய்யும் அலுமினிய ஏணிகளுக்கான குழாய்களை அப்பா இத்தனை நாளும் அந்த வட்ட ரம்பத்தில்தான் அறுத்தார். போன வாரம் பல்லில் அலுமினியம் அப்பிக்கொண்டது. ஒரு துண்டு தெறித்து, என் காதோரமாகப் போய், தகரச் சுவரில் ஓட்டை போட்டது. குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான். அப்பா அன்றே அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

இப்போது பேண்ட் சா வாங்கப் போகிறார். பட்டை மாதிரி நீளப் பிளேடு சுற்றிச் சுற்றி அறுக்குமே, அது. கடையை மூடப்போகிற தச்சர் தன் பழைய மிஷினைத் தருகிறாராம். "மரத்த அறுத்தது அலுமினியத்த அறுக்காதா? வெண்ணெய் மாதிரி எறங்கும் பாருங்க" என்கிறார். ஆள் உயரம் இருக்கிறது. குழாயை நாம்தான் கையால் பிளேடுக்குத் தள்ள வேண்டும். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை வண்டியில் வருகிறது.

நீ மிஷின் தொழிற்சாலையில் இருக்கிறாய். நம் ஷெட்டுக்கு அது சரிதானா? சீக்கிரம் சொல்.

ஏணி வாங்க வந்த அந்த வாட்ச்மேன் முன்னால் நீ, "ஏணி கோணலா இருக்கு, குடுக்காதீங்கப்பா" என்றதும், அவர் சிரித்ததும், "கோணல் பாக்கத் தெரிஞ்சவன் தனியாப் போய்ப் பொழைச்சுக்க" என்று அப்பா சொன்னதும், நீ அன்றே வீட்டை விட்டுப் போனதும் எனக்கு நேற்று போல இருக்கிறது. அந்த ஏணி இன்னும் ஷெட் மூலையில்தான் நிற்கிறது. அப்பா அதை விற்கவேயில்லை.

பதிலை நம் வீட்டுக்குப் போடாதே. உறையின் பின்பக்கம் என் சிநேகிதி நெட்டையின் விலாசம் இருக்கிறது.

உன் பொடி


ஜூலை 9

பொடிக்கு அண்ணன் எழுதுவது.

வாளி மேல் உட்கார்ந்து எழுதிய கடிதத்தை நான் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். உனக்கு ரம்பத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்திருக்கிறது. அண்ணன் சாப்பிட்டானா என்று கேட்கத் தெரியவில்லை. போகட்டும். சாப்பிடுகிறேன்.

அலுமினியம் இரும்பு மாதிரி முரண்டு பிடிக்காது. தச்சர் மிஷினின் வேகத்தைக்கூடத் தாங்கும். வம்பெல்லாம் பல்லில்தான். ஏணிக் குழாயின் தகடு மெல்லிசு. எந்த நேரமும் மூன்று பல்லாவது அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய பல்லாக இருந்தால் ஒரே பல் கவ்வி, குழாயைக் கையோடு இழுத்துக்கொண்டு போகும். தச்சரின் பிளேடைக் கழற்றிவிட்டுச் சின்னப் பல் பிளேடு மாட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் மெழுகுவர்த்தித் துண்டை பிளேடில் தேய்த்தால் அலுமினியம் அப்பாது. எல்லாரும் எண்ணெய் விடுவார்கள். நான் மெழுகு தேய்ப்பேன். "ரம்பத்துக்கு என்னடா பொறந்த நாளா?" என்று அப்பா கத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா?

மற்றபடி பயப்படாதே. பிளேடுக்கு ஒரு விரல் தூரத்தில் குழாயைத் திருப்புகிற கை அவருடையது. பிளேடு இழுக்கப் போகிறது என்றால் பிளேடுக்கு முன்னால் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கைக்கு அந்த மிஷின் போதும். வாங்கட்டும்.

அண்ணன்


ஜூலை 12, வியாழன் இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று அப்பாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இப்போது அதை மீறுகிறேன். அவருக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். ஆனால் சொல்லாவிட்டாலும் ஏதோ ஆகப்போகிறது.

துண்டு தெறித்த அன்று குழாய் முழுக்க ரத்தம். எனக்குத்தான் எங்கோ பட்டுவிட்டது என்று கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை. அப்பா அடுத்த குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். "அப்பா, உங்க கை" என்றேன். அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்துக்குக் கீழே ஆழமாக வெட்டியிருந்தது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "எப்பப் பட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கையில் கடைசி இரண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்லை அண்ணா. ஆறு மாதமாக. "உங்கம்மா காதுல விழுந்தா ஷெட்டப் பூட்டிடுவா. ஏணி இல்லேன்னா நான் யாரு, சொல்லு" என்றார். அதன்பிறகுதான் சத்தியம் வாங்கினார்.

நீ சொல்கிற அந்தக் கை இப்போது இல்லை. சனிக்கிழமைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அப்பாவிடம் இதையெல்லாம் யார் சொல்வது? அம்மா கதவைத் தட்டுகிறாள். தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

பொடி


ஜூலை 16

பொடிக்கு,

வாங்கட்டும் என்று எழுதியவன் நான். அந்தப் பேனாவை இன்னும் கையில் வைத்திருக்கவே கூசுகிறது. நீ சத்தியத்தை மீறியதற்கு உன் அண்ணன் பொறுப்பு. தூங்கு.

தச்சர் மிஷின் வேண்டவே வேண்டாம். படுக்கைவாட்டு பேண்ட் சா என்று ஒன்று உண்டு. சின்னது, மேசை உயரம். குழாயை வைஸில், அதாவது மிஷினோடு இருக்கும் இரும்புப் பிடியில், வைத்து இறுக்கிவிட வேண்டியதுதான். ரம்பம் தன் கனத்தில் தானே இறங்கி அறுக்கும். முடிந்ததும் தானே நின்றுவிடும். கைக்கு அங்கே வேலையே இல்லை. நீளக் குழாயின் மறுமுனைக்கு ஒரு தாங்கி போதும், நீ பிடிக்க வேண்டாம். பிளேடு புதிதாக இருந்தால், வைஸை நாமாகக் கோணலாக வைத்தாலொழிய அந்த மிஷினுக்குக் கோணலாக அறுக்கத் தெரியாது.

பல் கணக்கையும் மற்றதையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்தில் பிரதி எடு. 'வீட்டுப் பட்டறைக்கு ரம்பம் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னதாகச் சொல்லி, திருத்தித் தரச் சொல்லி அவரிடமே கொடு. ஏணிக்காரருக்கு யாராவது புத்தி சொன்னால் பிடிக்காது. தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் உட்கார்ந்து படிப்பார். என் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணன்


ஜூலை 19, வியாழன் இரவு

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் பக்கத்தில், "தாங்கி ரெண்டு வேணும், ஒண்ணு பத்தாது" என்று திருத்தினார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். 'பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும்' என்று எழுதியிருந்த இடம். ஒரு வார்த்தை விடாமல் நான் பிரதி எடுத்திருக்கிறேன் அண்ணா. மெழுகு தேய்க்கிற ஆள் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நம் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லையே.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "இதெல்லாம் உங்க மிஸ் சொன்னாங்களா?" என்று தாளைப் பார்த்தே கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "கையப் பத்தியும் மிஸ்கிட்ட சொன்னியா?" என்றார். என்னால் தலையை ஆட்ட முடியவில்லை.

கட்டுரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. நாளை மறுநாள் வண்டி வருகிறது. இதை நெட்டையிடம் கொடுக்க முடியுமா என்றுகூடத் தெரியவில்லை.

பொடி


ஆகஸ்ட் 12, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை ஷெட்டில், அப்பாவின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் மூன்று மணி. கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்த இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை தச்சர் மிஷினோடு வந்தார். அப்பா வாசலிலேயே நின்று, "திருப்பி எடுத்துட்டுப் போங்கண்ணே. என் கைக்கு இது ஆகாது" என்றார். அவ்வளவு உரக்கச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. "கைக்கு என்ன?" என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அன்று வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஆறு மாதம் விட்டது தப்பு, முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றாராம் டாக்டர். அம்மா ஷெட்டைப் பூட்டவில்லை. வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நீ சொன்ன மிஷின் நேற்று வந்தது. இன்று காலை முதல் வெட்டு. வைஸில் குழாயை வைத்து, அப்பா வெகுநேரம் வைஸையே இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் மேசை டிராயரைத் திறந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்தார். உன்னுடைய பழைய துண்டு. கரி பிடித்து, நீ வாயில் கவ்விக் கவ்வி உன் பல் பதிந்தது. அதைப் பிளேடில் தேய்த்தார். ரம்பம் தானாக இறங்கி, தானாக நின்றது. ஒரு வளையம் கீழே விழுந்து உருண்டது.

அதை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்து, "உன் மிஸ்ஸுக்கு எழுதறப்ப இதையும் உள்ள வை. கோணலா இருந்தா நேர்ல வந்து சொல்லச் சொல்லு" என்றார்.

வைத்திருக்கிறேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன் அண்ணா. பிளேடு புதுசு. வளையம் நன்றாகவே கோணல்.

உன் பொடி