வெள்ளிக்கிழமைப் பூவும் உன் கம்ப்யூட்டரும்

என் அருமைக் குமாருக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் ஆபீஸ் முழுக்க வைரஸ் பரவியது. பரப்பியது உன் கம்ப்யூட்டர். பதறாதே, முழுக்கதையையும் கேள்.

நீ போன பிறகு நம் பூக்கடை ஆபீஸில் இரண்டு காரியங்கள் நடந்தன. பாஸ் உன் மீனாவைக் கூப்பிட்டு, போனில் ஆர்டர் எடுக்கும் வேலையைக் கொடுத்தார். "குமார் வீட்டுக்கு நான் வேற என்னலா செய்ய முடியும்?" என்றார். உன் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதை அணைப்பது அவருக்கு வீட்டு விளக்கை ஊதி அணைப்பது மாதிரி.

கிராஞ்சி பண்ணையில் டுரியான் பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம்தான் திரையில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கீழே கடையிலிருந்து ஒரு முழம் மல்லிகை வந்து அதன்மேல் தொங்கும். நீ இருந்தபோது உனக்கு ஒரு இதழ்கூடச் சும்மா கொடுக்காத மனிதர் நம் பாஸ்! உன் லாகினை மூட எனக்கும் கை வரவில்லை. நாமிருவரும் சேர்ந்து பார்த்த கம்ப்யூட்டர் வேலையை நான் தனியாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

மீனா சேர்ந்த சில வாரங்களில் தொல்லை ஆரம்பித்தது. எல்லோரும் திறக்கிற பொது ஃபோல்டரில் ஆர்டர் ஃபைல்கள் மறைந்துபோய், அதே பெயரில் போலி ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் திறந்தால் போதும், அந்தக் கம்ப்யூட்டரும் கெட்டது. கல்யாண மாலை ஒன்று வேறு மண்டபத்துக்குப் போய், பெண் வீட்டார் போனில் கத்தினார்கள்.

உடனே எல்லார் கண்ணும் மீனா மேல். பிள்ளையின் பள்ளி ஒர்க்‌ஷீட்டைப் பிரிண்ட் எடுக்க அவள் ஒருநாள் தம்ப் டிரைவ் கொண்டுவந்திருந்தாள். அக்கவுண்ட்ஸ் சாரதா அக்கா அதோடு நிறுத்தவில்லை. "புருஷன் போன பொண்ணு. வந்த நேரம் சரியில்ல, வேற என்ன?" என்று அவர் பேன்ட்ரியில் சொன்னது மீனாவின் காதிலேயே விழுந்துவிட்டது. நான் கையிலிருந்த தே-ஓ டீயை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனேன். வைக்காமல் இருந்திருந்தால் யார் தலையிலாவது ஊற்றியிருப்பேன்.

பாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா, மீனாவ வேற வேல பாத்துக்கச் சொல்லிருவோம் செல்வம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கஸ்டமர் போறாங்களே" என்றார். உன் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு முக்கியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

முதலில் அவள் தம்ப் டிரைவைச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. சொன்னேன், யாரும் நம்பவில்லை. பிறகு எல்லா கேபிள்களையும் பிடுங்கி, ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தம் செய்து, திரும்ப இணைத்தேன். மறுநாள் லன்ச் முடிந்து வந்து பார்த்தால் போலி ஃபைல்கள் பழையபடி நிற்கின்றன. மறுபடி சுத்தம் செய்தேன், மறுபடியும் அதே கதை. வெறுத்துப்போய், அந்த ஃபைல்கள் யார் பெயரில் வருகின்றன என்று பார்க்க சர்வரின் பதிவைத் திறந்தேன்.

குமார் என்று இருந்தது. தினமும், லன்ச் நேரத்தில்.

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், தனியாக அங்கே உட்கார எனக்குத் தைரியம் இல்லை. பாஸ் உன் திரைக்கு முன் போய் நின்று கைகூப்பினார். "ஏதாச்சும் குறையாப்பா?" என்று கேட்டார். சாரதா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மீனாதான் பேசினாள். "அண்ணே, உசிரோட இருந்தப்பவே லன்ச் டைம்ல அவரு என் போனக்கூட எடுக்க மாட்டாரு. சாப்பாடுதான் முக்கியம். இது அவரு இல்ல, அவரு மெஷினு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்தேனே, உன்னுடையதைத் தொடவே இல்லை. பூப் போட்டிருந்ததால் அதை நான் ஒரு கம்ப்யூட்டராகவே நினைக்கவில்லை. நீ போனதிலிருந்து ரீஸ்டார்ட் ஆகாமல், ஒரு அப்டேட்டும் ஏறாமல் கிடந்தது. உன் லாகினுக்கோ எல்லா கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைகிற உரிமை. பாஸ்வேர்டு உன் மனைவியின் பெயர், அதுவும் கீபோர்டுக்கு அடியில் மஞ்சள் சீட்டில்! ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு பற்றிப் பாடம் எடுத்தவனே, உன்னை என்ன சொல்ல?

உள்ளே தேடினேன். பாட்டுப் போடுகிற இலவச மென்பொருள் ஒன்றோடு சேர்ந்துதான், தினமும் லன்ச் நேரத்தில் தானாகவே ஓடுகிற அந்த வைரஸ் வந்திருந்தது. நீ போன பிறகு யாரோ இறக்கியது. யார் என்று கேட்டேன்.

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழம பூப் போடுறப்ப அவனுக்கு ஒரு சாமி பாட்டுப் போடலாமேன்னு... ஃப்ரீன்னு இருந்துச்சு. நாந்தான்லா."

அவர் மீனாவின் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "தப்பு என் மேலம்மா. நீ எங்கயும் போக வேணாம்."

ஆனால் உன் கம்ப்யூட்டரை முழுக்க அழிக்க வேண்டும் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "அழிச்சா அவன் போயிடுவானே செல்வம்" என்றார். நான் மீனாவைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்ப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"படத்த மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே. மத்ததெல்லாம் அழிச்சிடுங்க. அவரு இதுக்குள்ள இல்ல."

கேபிளைப் பிடுங்கினேன். டுரியான் படத்தைச் சோதித்துத் தனியாக எடுத்தேன். எல்லாவற்றையும் அழித்து, கடைசியில் சர்வரிலிருந்து உன் பெயரையும் நீக்கினேன். அந்த ஒரு பட்டனை அழுத்த முடியாமல் அழுதேன், மச்சான். என் மெஷினாக இருந்தால் நீ அழுத்தியிருப்பாயா?

மறுநாள் லன்ச் முடிந்து எல்லோரும் சர்வரைச் சுற்றி நின்றோம். ஃபோல்டர் சுத்தமாக இருந்தது. சாரதா அக்கா மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. மீனாவின் மேசையில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். மீனாவுக்குப் பிடித்த மாதிரி காரச் சம்பலைத் தனியாகக் கட்டி வாங்கியிருந்தார்.

இப்போது நீ சுவரில் இருக்கிறாய், டுரியானோடு. வெள்ளிக்கிழமைப் பூ அங்கேதான் தொங்குகிறது. உன் கம்ப்யூட்டரில் மீனா ஆர்டர் எடுக்கிறாள். சனிக்கிழமைகளில் நெட்வொர்க் வகுப்புக்கும் போகிறாள். உன்னை விடக் கேள்வி அதிகம் கேட்கிறாள், பதில் சொல்லி மாளவில்லை.

அவள் பெயரில் புது லாகின் போட்டுக் கொடுத்தபோது, பாஸ்வேர்டு மட்டும் உன் பெயராக இருக்கக் கூடாது என்றேன். "ஐயோ, அதான் அண்ணே போட்டேன்" என்று சிரித்தாள். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து மாற்றினாள்.

உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இனி எதுவும் இந்த ஆபீஸுக்குள் நுழையாது, குமாரு. உன் மீனாவை யாரும் இங்கிருந்து வெளியே அனுப்பவும் மாட்டார்கள். இரண்டுக்கும் நான் பொறுப்பு.

மீனாவின் அண்ணன், அதனால் உனக்கு இப்போது நிஜமாகவே மச்சான்,
மார்சிலிங் செல்வம்