இடம் அடைத்துக்கொண்டிருந்த வீடியோ

கீழ்க்கணக்கு,
இறம்பொடை.
ஆகஸ்ட் 10, ஞாயிறு

அன்பு மகன் சுதாகரனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை கேட்கத் தேவையில்லை, நீ சுகமாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். எங்கே பார்த்தேன் என்று அவசரப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் சிக்னல் இல்லை என்பாய், நானும் அழுதுவிடுவேன். வாய்ஸ் அனுப்பலாமென்றால், சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் தங்கச்சியின் கொப்பியில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல் லயத்துக் கிஷாந்த் லீவு முடிந்து அடுத்த வாரம் நீ இருக்கிற கட்டாருக்குத்தான் திரும்பிப் போகிறான், கடிதத்தை ஒட்டி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவனுடைய கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு கொடுக்கிறார்களாம், அதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு வயிற்றுத் தையல் நன்றாக ஆறிவிட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், அவர் கேட்கிற ஆளா, போன வாரம் விறகு பிளக்கப் போனார், கோடரியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தங்கச்சி தக்ஷிகாவுக்கு நவம்பரில் ஏ.எல். பரீட்சை. டியூஷன் எடுக்கிற சேர் பாடக் குறிப்பையெல்லாம் வாட்ஸப்பில்தான் அனுப்புகிறார். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. நீ போன முறை வந்தபோது உன் பழைய போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் இடமில்லை இடமில்லை என்று ஒரு மாதமாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. குறிப்பு ஒன்றும் இறங்கவில்லை, பிள்ளை கூட்டாளி வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். எதையாவது அழி என்றால் எனக்குப் பயம். அப்பாவின் கிளினிக் அட்டை, ஸ்கேன் தாள், தங்கச்சியின் ஓ.எல். சான்றிதழ் எல்லாம் படமாக அதற்குள்தான் இருக்கின்றன. அப்பாவுக்கு வேறு பயம். உன் பெரியம்மா தினமும் காலையில் அனுப்புகிற சாமி படங்கள் ஆயிரத்து நானூறு கிடக்கின்றன, சாமியை அழித்தால் பாவம் என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஆபரேசனுக்குப் பிறகு அவருக்குப் பக்தி ஜாஸ்தி.

கடைசியில் புசல்லாவைக்குப் போய் போன் கடை நிஷாந்தியிடம் காட்டினேன். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு சாமிக்கும் ஒரு படம் இருந்தால் போதும்மா, சாமி கோவிச்சுக்காது என்றது. முக்கியமானதையெல்லாம் முதலில் மெமரி கார்டில் ஏற்றிவிட வேண்டும், ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும் என்றது. சின்னப் படம் நூறை அழித்தாலும் இடம் வராது, பெரிய வீடியோவை முதலில் பாருங்க என்று சொல்லி, பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாகக் காட்டுகிற இடத்தையும் காட்டித் தந்தது. பிறகுதான் ஒன்று சொன்னது. இதில் இருக்கிற கணக்கு உன்னுடையதாம், போனைத் தரும்போது நீ அதை எடுத்துவிடவே இல்லையாம். நீ அங்கே எடுக்கிற படமும் இதற்குள் வருமாம், இதில் முழுதாக அழித்தால் உனக்கும் அழிந்துவிடுமாம், பார்த்து அழிங்க என்றது. நான் சந்தோஷப்பட்டேன் சுதா. பஸ்ஸில் வரும்போது, மகன் சமைக்கிறது, படுக்கிற அறை, வேலை செய்கிற இடம் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் அப்பா தூங்கிய பிறகு நானும் தங்கச்சியும் உட்கார்ந்தோம். அவள் கார்டில் ஏற்ற வேண்டியதை ஏற்றினாள். பிறகு பெரிய வீடியோக்களின் வரிசையைத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே நாலு நிமிட வீடியோ ஒன்று நின்றது. அதற்குக் கீழே ஏப்ரல் 22, இறம்பொடை என்று எழுதியிருந்தது. இது நான் எடுத்ததாக்கும் என்றுதான் நினைத்தேன். தொட்டால் நம் ரோட்டு வளைவு, ஒரு நீல வேன், நாலைந்து பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். படம் பிடிக்கிற ஆள் தெரியவில்லை, ஆனால் குரல் எனக்குத் தெரியாதா. ஒருத்தன் கேட்கிறான், டேய் சுதா, நீ இந்தப் பக்கந்தானே என்று. இல்ல மச்சான், நாங்க கண்டி டவுன் என்கிறாய். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாய். நீ நின்ற அந்த வளைவிலிருந்து எட்டிப் பார்த்தால் நம் லயத்துத் தகரம் தெரியும். அந்தத் தகரத்துக்குக் கீழேதான் உன் அப்பா அன்று வயிற்றில் தையலோடு படுத்துக் கிடந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு கேமரா கீழே ஏழாம் நம்பர் தேயிலை மலைக்குத் திரும்புகிறது. பத்துப் பதினைந்து பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். உன் கூட்டாளி ஒருத்தன் வாயில் கையைக் குவித்து, அக்கா, இங்க பாருங்க, ஒரு போட்டோ என்று கத்துகிறான். சீசன் காலத்தில் இது தினமும் நடக்கிற கூத்துதான், வேன் நிற்கும், கத்துவார்கள், நாங்களும் நிமிர்ந்து கையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்த வீடியோவிலும் எல்லோரும் நிமிர்ந்து கையாட்டுகிறார்கள். தங்கச்சிதான் முதலில் கண்டுபிடித்தாள், அம்மா, மஞ்சள் துணி கட்டியிருக்கிறது நீங்கதானே என்றாள். நானேதான். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் நீ வாங்கி வந்த மஞ்சள் துணி, பக்கத்தில் செல்வமலர் அக்கா. நான் இரண்டு கையையும் தூக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உன்னைப் பார்த்துக் கையாட்டுகிறேன் சுதா. யாரோ ஊர் பார்க்க வந்த பிள்ளைகள் என்று நினைத்து ஆட்டினேன்.

ரொம்ப தூரம்மா, அண்ணனுக்கு ஆள் தெரிஞ்சிருக்காது என்று தங்கச்சி போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. நான் கை தூக்கிய அதே நேரம் கேமரா ஆடுகிறது, வானம் தெரிகிறது, பிறகு ரோடு, பிறகு உன் காலில் வெள்ளைச் சப்பாத்து. என்னடா ஆச்சு என்று யாரோ கேட்கிறான். கை வழுக்கிருச்சு, வாங்க போவோம் போவோம் என்று நீ சொல்கிறாய். அதோடு வீடியோ முடிகிறது. நான் அதை ஆறு தடவை பார்த்தேன். கை வழுக்கவில்லை. உனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

அன்று சாயந்தரம் நீ எனக்குக் கோல் எடுத்துப் பேசியது ஞாபகம் இருக்கிறதா. அப்பாவுக்கு எப்படி இருக்கு, லீவு கேட்டேன்ம்மா, தரமாட்டேங்கிறானுங்க, இங்க வெயில் கொளுத்துது என்றாய். லைன் என்றுமில்லாத தெளிவு. பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கே என்று நானே சொன்னேன், நீ சிரித்தாய். நுவரெலியா ஹோட்டலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அடுத்தடுத்த படங்களையும் பார்த்தேன், ஏரி, குதிரை, நீ ஸ்ட்ரோபெரி சாப்பிடுவது மட்டும் முப்பத்திரண்டு படம். அப்பாவின் ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரியில் தாள்களில் கையெழுத்து வைக்க மகன் இல்லையா என்று கேட்டார்கள், சிங்களத்தில் பாதியும் சைகையில் பாதியுமாக, வெளிநாட்டில் இருக்கிறான், விட மாட்டார்கள் என்று சொல்லி நான் வைத்தேன். பிள்ளைக வெளிய போனா அப்படித்தான் யோகேஸ், வருவான்னு பாத்துக்கிட்டு இருக்காத என்று செல்வமலர் அக்கா ஒரு வார்த்தை சொன்னதற்கு அவரோடு சண்டை போட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். உனக்காகத்தான் போட்டேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, நீ என்னை அவர் முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாய்.

லயம் என்று சொல்ல உனக்குக் கூச்சம் என்பது எனக்குத் தெரியாததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சொல்லிக் காட்டினான் என்று நீ மூன்று நாள் போகாமல் இருந்தாய், நான்தான் இழுத்துக்கொண்டு போய் விட்டேன். கூட்டாளிகளிடம் கண்டி என்று சொல், கொழும்பு என்று சொல், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் சிகரெட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் தனியாக இறங்கி வந்திருக்கலாமே. வளைவிலிருந்து வீட்டுக்கு நூற்றுப் பதினெட்டுப் படி. அப்பா தலைமாட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. எனக்கு வயிறு எரிகிறது சுதா. பெற்ற பிள்ளை ஏமாற்றியது ஒரு பக்கம், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது ஒரு பக்கம்.

நேற்று மறுபடியும் நிஷாந்தியிடம் போனேன். எங்களுடையது எல்லாம் கார்டில் பத்திரமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, உன் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அண்ணனோட படமெல்லாம் இனி வராதேம்மா, பரவாயில்லையா என்று கேட்டது. வராட்டிப் போகுது என்று சொல்லிவிட்டேன். இப்போது தங்கச்சி பேரில் புதுக் கணக்கு, இடம் தாராளம், குறிப்பெல்லாம் ஒழுங்காக இறங்குகிறது. உன் கணக்கை எடுப்பதற்கு முன்னால் அந்த வீடியோவை அழிக்கலாமா என்று குப்பைத் தொட்டி மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அது உன்னுடையது. இடமில்லை என்ற செய்தி உனக்கும்தானே வந்திருக்கும், எல்லாவற்றையும் விடப் பெரியது அதுதான், நாலு மாதமாக நீ அதை அழிக்கவில்லை. மறந்துபோய் வைத்திருக்கிறாயா, வேண்டுமென்று வைத்திருக்கிறாயா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு அந்த ஒரு பதில் போதும், வேறு சமாதானம் ஒன்றும் எழுதாதே.

ஒரு வாரமாக ஒன்று நடக்கிறது. ரோட்டில் எந்த வேன் நின்றாலும் என் கை தன்னால் நின்றுவிடுகிறது. நிமிர்ந்து வளைவைப் பார்க்கிறேன். எல்லோரும் கையாட்டுகிறார்கள், எனக்குக் கை எழும்பவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்ன யோகேஸ், யாரத் தேடுற, கொழுந்தப் பாரு என்று கங்காணி தினமும் சத்தம் போடுகிறார். யாருமில்லைங்க என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். போன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடு, பழைய போனை யாருக்காவது கொடுத்தால் உன் கணக்கை எடுத்துவிட்டுக் கொடு. இன்னொன்று, இதைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. மகனை விடாத பாவி என்று உன் கம்பெனி முதலாளியை அவர் இன்னும் தினமும் சாயந்தரம் திட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார். அந்த முதலாளியே திட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
மஞ்சள் துணி கட்டியிருந்த உன் அம்மா
ஆ. யோகேஸ்வரி